உழக்கு நெய்யும் மின் அளவியும்: உத்திரமேரூர் வட்டாரத்தில் சிக்கனத்தின் வரலாறு

மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட வேண்டும் என்ற பேச்சு தமிழ்நாட்டில் மின்வெட்டுக் காலங்களில் எழுந்து, வெட்டு நீங்கியதும் அடங்கிவிடுவதால், அது அண்மைக் காலத்துக் கவலை என்ற எண்ணம் பரவியிருப்பது இயல்பே. ஆயினும் விளக்குக்கும் நீருக்கும் ஆகும் செலவை அளந்து, எழுதிவைத்து, கணக்குக் கேட்கும் வழக்கம் இந்நாட்டில் மின்சாரத்தைவிட மிகப் பழையது. அந்த வழக்கத்துக்குக் கல்லில் எழுதிய சான்றுகள் நிறைந்த ஊர்களுள் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரும் ஒன்று. இவ்வூரையும் சுற்றுப்புறத்தையும் இந்தக் கோணத்தில் நோக்கினால், சிக்கனம் என்பது மக்களின் நற்குணத்தை நம்பி நின்றதைவிட, செலவை அளக்கும் ஏற்பாடு இருந்ததையும் இல்லாமற்போனதையும் ஒட்டியே வளர்ந்தும் தேய்ந்தும் வந்திருப்பது புலப்படும்.

பல்லவர் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக, அதாவது வேதம் வல்ல அந்தணர்க்கு வழங்கப்பட்ட குடியிருப்பாக அமைந்த உத்திரமேரூர், முதலாம் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளுக்குரிய இரு கல்வெட்டுகளால் உலகறிந்த ஊராயிற்று. பள்ளிப் பாடநூல்களும் அரசியல் மேடைகளும் அக்கல்வெட்டுகளிலிருந்து எடுத்துக்காட்டுவது குடவோலை முறையை மட்டுமே. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு எடுத்த அம்முறையைவிட, எடுக்கப்பட்டவர் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதியே இங்குக் கருதத்தக்கது. 921ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி, ஓராண்டு ஊர்க்காரியம் பார்க்கும் ஆட்டை வாரியத்துக்குப் பன்னிருவரும், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவரும், ஏரி வாரியத்துக்கு அறுவரும் தேர்ந்தெடுக்கப்பட்டு 360 நாள் பணியாற்றினர். வாரியம் என்பது இன்றைய வழக்கில் செயற்குழு. வாரியப் பணி செய்து கணக்குக் காட்டாமல் விட்டவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவராயினர். வைரமேக தடாகம் எனக் கல்வெட்டுகள் குறிக்கும் பேரேரியின் பராமரிப்பு இவ்வாறு கணக்குக்கு உட்பட்ட பொறுப்பாக இருந்தது என்பதை நினைவிற் கொள்வது பின்னர் பயன்படும்.

விளக்கைப் பொறுத்தவரை கணக்கு இன்னும் நுட்பமானது. கோயிலில் இரவும் பகலும் அணையாது எரிய வேண்டிய நந்தா விளக்குக்கும், சந்தி வேளைகளில் மட்டும் எரியும் சந்தி விளக்குக்கும் சோழநாடு, தொண்டைநாடு எங்கும் அறக்கொடைகள் அளிக்கப்பட்டன. பொன்னாகக் கொடுத்தால் அதன் வட்டியான பலிசையிலிருந்தும், கால்நடையாகக் கொடுத்தால் பாலிலிருந்தும் நெய்ச்செலவு நடந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்து ஏற்பாடு இதற்குத் தெளிவான அளவுகோலைத் தருகிறது: ஒரு விளக்குக்கு 96 ஆடு, அல்லது 48 பசு, அல்லது 16 எருமை, இவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஆடவல்லான் என்னும் அளவையால் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். உழக்கு என்பது நாழியில் நாலில் ஒரு பங்கு. இறந்த ஆட்டுக்கு ஈடாகப் பிறந்த குட்டியைச் சேர்த்து எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது பெற்றவரின் கடமையாதலால், அவை சாவா மூவாப் பேராடு எனப்பட்டன. ஆற்றலின் மூலப்பொருள், அதை வழங்குபவர், அன்றாட வழங்கலளவு, அளக்கும் கருவியின் பெயர் ஆகிய நான்கும் ஒரே ஆவணத்தில் குறிக்கப்பட்டிருப்பது, இன்றைய மின் இணைப்பு ஒப்பந்தம் எதிலும் காணக் கிடைக்காத முழுமை எனலாம். உழக்கு நெய்க்கு மேல் கேட்க எவருக்கும் உரிமையில்லை. குறைத்து அளந்தாலும் கேள்வி உண்டு.

கோயிலுக்கு வெளியே இவ்வளவு ஒளி எவர்க்கும் வாய்க்கவில்லை. வீடுகளில் ஆமணக்கு, இலுப்பை, புங்கம் ஆகிய வித்துகளின் எண்ணெயில் எரிந்த அகல், உணவு முடிந்ததும் அணைக்கப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீமெண்ணெய் நாட்டுப்புறத்தில் நுழைந்தபின் காடா விளக்கும், கண்ணாடிக் குழல் வைத்த சிம்னி விளக்கும், காற்றுக்கு அணையாத அரிக்கேன் லாந்தரும், திருமணம், கூத்து போன்ற பெருநிகழ்ச்சிகளுக்குப் பெட்ரோமாக்ஸும் வந்தன. திரியைத் தாழ்த்துவதும் ஏற்றுவதும் வீட்டுப் பெண்களின் அன்றாடக் கணக்காக இருந்தது. வேலையிடங்களோ பகலொளியைச் சார்ந்தே அமைந்தன. காஞ்சிபுரத்து நெசவாளர் குழித்தறியைச் சன்னல் வெளிச்சம் விழும் பக்கமாக அமைத்தனர். வயலில் நீரிறைக்க மனித உழைப்பும் மாட்டின் உழைப்பும் பயன்பட்டன. ஏற்றத்தின் துலாவில் ஆள் முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் சால் என்னும் நீர்க்கலத்தைப் பிடித்து ஊற்ற, எத்தனை சால் இறைத்தது என்பதைப் பாட்டாகவே எண்ணி வந்தனர். உடல் களைப்பு அங்கே அளவியாக இருந்ததால், தேவைக்கு மேல் ஒரு சால் கூட இறைக்க யாருக்கும் மனம் வந்திருக்காது.

மின்சாரம் சென்னை நகருக்கு இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே, பேசின் பிரிட்ஜ் அனல்மின் நிலையத்தின் வழியாக வந்துவிட்டபோதிலும், அதைச் சூழ்ந்த, உத்திரமேரூரும் அடங்கிய அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்கள் அரை நூற்றாண்டு காத்திருந்தன. 1927இல் சென்னை மாகாண அரசு தனி மின்துறையை அமைத்தது. 1932இல் பைக்காராவும், 1937இல் மேட்டூரும், 1944இல் பாபநாசமும் நீர்மின்சாரம் வழங்கத் தொடங்கின. இம்மூன்றின் முதற்பயனும் மேற்கு, தெற்கு மாவட்டங்களின் ஆலைகளுக்கே சென்றது. விடுதலைக்குப்பின், 1957 ஜூலை 1ஆம் நாள் மின்வாரியம் அமைந்து, காமராசர் ஆட்சியில் ஆர். வெங்கடராமன் தொழில்துறைப் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில்தான் கிராம மின்மயமாக்கம் வேகம் கொண்டது. நெய்வேலியின் முதல் அனல்மின் அலகு 1962இலும், எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இலும் இயங்கத் தொடங்க, 1980களின் நடுப்பகுதிக்குள் இதே மாவட்டத்தின் கடற்கரையில் கல்பாக்கம் அணுமின் நிலையமும் மின்தொகுப்பில் சேர்ந்தது.

ஊருக்குள் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தபோது வீட்டுக்கு வீடு ஓர் அளவியும் வந்தது. ஆயிரம் வாட் திறனை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் ஆகும் செலவு ஒரு யூனிட். 40 வாட் குண்டு பல்பு 25 மணி நேரம் எரிந்தால் அந்த ஒரு யூனிட் தீரும். தொடக்க காலக் கிராம வீடுகளில் இத்தகைய ஒன்றிரண்டு பல்புகளே இருந்தன. அவற்றிலும் ஒன்று எரியும்போது மற்றது அணைந்திருக்கும். சீமெண்ணெய் விளக்கின் திரியைத் தாழ்த்திப் பழகிய கை மின்விசையையும் அவ்வாறே கையாண்டது. ரீடிங் எடுக்க வருபவர் வெள்ளை அட்டையில் எழுதிச் செல்லும் எண், உழக்கைப் போலவே, வீட்டார் கண்முன் நிகழ்ந்த அளவை.

கிணற்றடியில் இக்கதை வேறு திசையில் திரும்பியது. ஏற்றத்துக்கு மாற்றாக மோட்டார் வந்தது உழவர்க்கு விடுதலை என்பதில் ஐயமில்லை. கோயம்புத்தூர்த் தொழிற்கூடங்களின் மோட்டாரும் பம்பும் தமிழ்நாடெங்கும் பரவ, இந்தியாவின் மின் பம்புசெட்டுகளில் பெரும்பங்கு 1960களில் இம்மாநிலத்தில் இருந்தது. பாசன மின்சாரமும் அப்போது அளவியின் வழியேதான் சென்றது. 1970இல் யூனிட்டுக்கு 8 பைசாவாக இருந்த கட்டணம் 10 பைசாவாக உயர்த்தப்பட்டதை எதிர்த்துக் கோவை மாவட்ட உழவர் போராடினர். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். 1972இல் கட்டணம் 12 பைசாவானபோது உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவைச் சாலைகளை மாட்டு வண்டிகள் அடைத்து நின்றன. போராட்டங்களின் தொடர்ச்சியாக 1984இல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்குக் கட்டணத்தை நீக்கி, மற்றவர்க்கு மோட்டாரின் குதிரைத்திறனுக்கு இவ்வளவு என்ற நிலைக்கட்டணத்தை வைத்தது. 1990-91இல் கருணாநிதி அரசு எல்லா விவசாயிகளுக்கும் இலவசமாக்கியது. 2003இல் ஜெயலலிதா அரசு மீண்டும் கட்டணம் விதித்து, 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அதைத் திரும்பப் பெற்றது. வேளாண் விளைபொருளுக்கு உரிய விலை கிடைக்காத நாட்டில் இச்சலுகையை வீண்செலவு என ஒதுக்கிவிட முடியாது. ஆனால் கட்டணத்தோடு அளவியும் போனதுதான் கேடு; கட்டணம் இல்லாமலேயே அளவி இருந்திருக்கலாம். அளவியில்லாத மின் இணைப்பு கூடாது என 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறியபின்னும், பாசன மின்செலவு பெரிதும் மாதிரி அளவிகளையும் குதிரைத்திறனையும் கொண்டு மதிப்பிடப்பட்டு வந்தது. அளவி வைத்தால் நாளை கட்டணம் வரும் என்ற உழவர் அச்சம் 2003இன் பட்டறிவிலிருந்து எழுந்தது. அதை அறியாமை என்று கூற இயலாது.

அளவையின்றிப் போனதன் விளைவு இவ்வட்டாரத்தில் நீர்மட்டத்தில் தெரிந்தது. ஓர் ஏக்கர் நெல்வயலில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் தேவை. நீர் பத்து மீட்டர் ஆழத்தில் இருந்து, பம்பும் மோட்டாரும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கு திறனோடு இயங்கினால், அதற்குச் சுமார் 8 யூனிட் மின்சாரம் ஆகும். நீர் முப்பது மீட்டருக்குத் தாழ்ந்துவிட்டால் அதே வயலுக்கு, அதே அங்குல நீருக்கு, 25 யூனிட் ஆகும். உழவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் இந்த மும்மடங்கைத் தவிர்க்க வழியில்லை. ஏரி நிறைந்திருந்தால் மதகின் வழியே நீர் தானே பாயும். கிணற்றிலும் மட்டம் உயரும். ஏரி தூர்ந்தால் கிணறு ஆழமாகும், கிணறு வற்றினால் போர் போடப்படும், போருக்குள் நீர்மூழ்கி மோட்டார் இறங்கும், அதன் குதிரைத்திறனும் கூடும். ஏரிகள் மிகுந்த பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் நடந்தது இதுவே. பராந்தகன் காலத்து ஏரி வாரியத்தார் அறுவரும் தாம் மின்சாரத்தைச் சேமிப்பதாக அறிந்திருக்க வழியில்லை. ஆனால் இவ்வட்டாரத்தில் மின்சிக்கனத்துக்காக இதுவரை செய்யப்பட்டவற்றுள் அவர்கள் பணிக்கு ஈடானது எதுவுமில்லை என்று துணிந்து கூறலாம்.

இதோடு சிறு காரணங்களும் சேர்ந்தன. மோட்டார் எரிந்துபோனால் புதியது வாங்காமல் காயில் கட்டி, அதாவது உள்ளிருக்கும் கம்பிச் சுருளை மீண்டும் சுற்றி ஓட்டுவது வழக்கம். சரியான தடிமனும் சுற்றும் இல்லாமல் கட்டிய காயில் முன்னைவிட அதிக மின்சாரம் இழுக்கும். குழாயின் அடியில் நீர் பின்வாங்காமல் தடுக்கும் புட்வால்வு அடைத்துக்கொண்டாலும், தேவையற்ற வளைவுகள் குழாயில் இருந்தாலும் அவ்வாறே. கட்டணம் இல்லாத இடத்தில் இவற்றைச் சரிசெய்யப் பணம் செலவழிக்க உழவர்க்குக் காரணம் எதுவும் இல்லை.

வீட்டுப் பக்கத்திலும் அரசின் கை இரு திசையிலும் நீண்டது. குடிசைகளுக்கு ஒற்றை விளக்கு இலவசமாக எரிந்தது. 2006க்குப் பின் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும், 2011க்குப் பின் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் விலையின்றி வீடுவீடாக வந்தன. அம்மியையும் ஆட்டுக்கல்லையும் விட்டு எழுந்த பெண்களின் நோக்கில் இவை ஆடம்பரம் ஆகா. 2016 மே மாதம் முதல் இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் கட்டணமற்றதாயிற்று. இங்கே அளவி நீங்காமல் இருந்ததால் விளைவு வேறாக இருந்தது. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலின்படி, 500 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 500ஐத் தாண்டிய வீட்டுக்கு அச்சலுகை அற்று, 101ஆம் யூனிட்டிலிருந்தே 4.50 ரூபாய் ஆயிற்று. இந்த ஐந்நூறு என்னும் கோடு எந்த விழிப்புணர்வுப் பேரணியையும்விட அதிகமாகத் தமிழ்நாட்டு இல்லங்களில் விளக்கை அணைக்க வைத்தது. கணக்கெடுப்பு நாள் நெருங்கும்போது அளவியைப் பார்த்து வருவது பல வீடுகளில் வழக்கமாயிற்று. ஒரே வீட்டுக்கு இரண்டு சர்வீஸ் வாங்கி இரண்டு நூறு யூனிட்டைப் பெறும் உபாயமும் அதே கோட்டின் பிள்ளைதான்.

2008 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2012இல் உச்சத்தைத் தொட்ட மின்வெட்டு, சிக்கனத்தைக் கட்டாயமாக்கிய காலம். சென்னைக்கு நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் வெட்டப்பட்டபோது, மாநகர் எல்லைக்கு வெளியே பத்து மணி நேரத்துக்கு மேலும் கரண்ட் இல்லாத நாட்கள் இருந்தன. இந்த வேறுபாட்டைக் கிராமங்கள் எளிதில் மறக்கவில்லை. பாசனத்துக்கு மும்முனை மின்சாரம் குறித்த மணி நேரங்களில் மட்டும் விடப்பட்டு, மற்ற நேரங்களில் விளக்கெரியும் அளவுக்கு இருமுனை மின்சாரம் தரப்பட்டது. மோட்டார் ஓட மூன்று முனைகளும் தேவையாதலால் இது பாசனச் செலவைக் கட்டுப்படுத்தும் என்பது எண்ணம். உழவர்களோ கெபாசிட்டரை, அதாவது மின்னைச் சிறிது தேக்கித் தரும் மின்தேக்கியை இணைத்து இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டினர். அதே கெபாசிட்டர் அரிசி ஆலையில் நேர்மாறான பணி செய்தது. மோட்டார்கள் வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு பயனுள்ள வேலையாகிறது என்பதைக் காட்டும் திறன் காரணி, மின்வாரியம் குறித்த அளவுக்குக் கீழே போனால் ஆலைக்கு அபராதம் உண்டு. அதைத் தவிர்க்க ஆலைக்காரர் கெபாசிட்டர் வைத்தார். அளவியிருந்த ஆலையில் அது சிக்கனக் கருவி. அளவியில்லாத வயலில் அது கட்டுப்பாட்டை மீறும் கருவி. வீடுகளில் அக்காலத்தில் பரவிய இன்வெர்ட்டரோ, மின்கலத்தில் ஏற்றி இறக்கும்போது ஒரு பங்கை இழப்பதால், மின்வெட்டின் பெயரால் மின்செலவைக் கூட்டியது.

பின்வந்த பத்தாண்டில் கிடைத்த உண்மையான சேமிப்பு பழக்கத்தால் வந்ததன்று, கருவியால் வந்தது. 2001ஆம் ஆண்டு எரிசக்திச் சிக்கனச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியப் பணியகம் 2006இல் மின்கருவிகளின் சிக்கனத்தைக் காட்டும் நட்சத்திரக் குறியீட்டைத் தொடங்கியது. எல்இடி பல்புகளை மலிவாக வழங்க 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தோடு எல்இடி பல்பின் விலை வெகுவாகச் சரிந்தது. 60 வாட் குண்டு பல்பு நாளைக்கு ஐந்து மணி நேரம் எரிந்தால் இரு மாதத்தில் 18 யூனிட். அதே வெளிச்சம் தரும் 9 வாட் எல்இடிக்கு 2.7 யூனிட். நாளைக்குப் பத்து மணி நேரம் சுழலும் 75 வாட் பழைய மின்விசிறி இரு மாதத்தில் 45 யூனிட் எடுக்க, 30 வாட் அளவில் இயங்கும் பிஎல்டிசி விசிறி 18 யூனிட்டோடு நிற்கிறது. விலை கூடுதலாதலால் பிந்தியது கிராமத்து வீடுகளுக்கு மெதுவாகவே வருகிறது. அரசு அலுவலகங்களில் சோக் வைத்த டியூப்லைட்டுக்குப் பதில் எல்இடி குழல் வந்தும், ஆளில்லாத மேசைக்கு மேல் விசிறி சுழல்வது நின்றபாடில்லை. கட்டணம் அங்கே யாருடைய பையிலிருந்தும் போவதில்லை. கைத்தறிக் கூடங்களுக்கு இரு மாதத்துக்கு 200 யூனிட்டாக இருந்த இலவச அளவு 2023இல் 300 ஆனது. கைத்தறிக்கு மின்சாரம் வெளிச்சத்துக்கும் விசிறிக்கும் மட்டுமே தேவையாதலால், பெரும்பாலான தறிவீடுகளுக்கு இது போதுமானது.

கருவிகளோடு ஏரியின் பக்கமும் அரசின் கவனம் திரும்பியது. 2017 மார்ச்சில், மாவட்டம் இன்னும் பிரிக்கப்படாத நிலையில், காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் குடிமராமத்துத் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயக்கட்டுதாரரான உழவரே ஏரியின் கரையையும் மதகையும் வரத்துக் கால்வாயையும் பேணும் பழைய முறைக்குப் புதிய நிதியளித்த அத்திட்டம் பாசனத் திட்டமாகவே அறிவிக்கப்பட்டு, பாசனத் திட்டமாகவே மதிப்பிடவும் பட்டது. தூர்வாரிய ஏரியால் சுற்றுக் கிணறுகளில் எத்தனை மீட்டர் நீர் உயர்ந்தது, அதனால் மோட்டார் ஓடும் நேரம் எவ்வளவு குறைந்தது, மின்வாரியத்துக்கு அரசு தரும் மானியத்தில் எவ்வளவு மிஞ்சியது என்ற கணக்கையும் அதனோடு சேர்த்து எடுத்திருக்க வேண்டும். கிணற்றடி மோட்டார்களுக்குக் கட்டணம் இல்லாமலே அளவி பொருத்தி, அதன் எண்ணைக் கிராம சபைக் கூட்டத்தில் ஏரியின் நீர்மட்டத்தோடு சேர்த்து வாசிக்கும் ஏற்பாட்டை உத்திரமேரூர் ஒன்றியத்தின் ஊராட்சிகளிலிருந்தே அரசு தொடங்கலாம். கட்டணம் வராது என்ற உறுதியைச் சட்டமாகவே எழுதித் தந்தபின் அதைத் தொடங்க வேண்டும்.